பொறுப்பேற்க ஆளில்லாத செய்திகள்

2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் திருப்பூரைப் பற்றி இரண்டு கதைகள் அடுத்தடுத்துப் பரவின. ஜனவரியில் தமிழில் பரவிய கதையின்படி, வடமாநிலத் தொழிலாளர்கள் கும்பலாகத் திரண்டு உள்ளூர்க்காரர்களை விரட்டி அடிக்கிறார்கள். ஒரு டீக்கடைத் தகராறைத் தொடர்ந்து எடுக்கப்பட்ட வீடியோ அதற்குச் சாட்சியாகச் சுற்றியது. மார்ச் பிறந்ததும் இந்தியில் பரவிய கதை நேர் எதிரானது. தமிழ்நாட்டில் இந்தி பேசினாலே வெட்டுகிறார்கள், பீகார்காரர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள் என்றது அது. ஒரே பனியன் கம்பெனியில், ஒரே ஷிப்டில், ஒருவர் துணி வெட்ட இன்னொருவர் தைக்க, பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை பார்ப்பவர்கள் இவர்கள். சாப்பாட்டு இடைவேளையில் செல்பேசியைத் திறந்தால், ஒருவரைப் பார்த்து ஒருவர் பயப்படுவதற்கான காரணங்கள் தனித்தனியாக வந்து குவிந்தன. இருவரும் வாழ்ந்தது ஒரே ஊரில். இருவருக்கும் காட்டப்பட்ட ஊர் வேறு வேறு.

அந்த வீடியோக்களில் உண்மையில் என்ன இருந்தது? மார்ச்சில் அதிகம் பரவிய இரண்டைப் பற்றி அப்போதைய டிஜிபி சைலேந்திர பாபு விளக்கம் அளித்தார். ஒன்று, பீகார் தொழிலாளர்களே இரு பிரிவாக மோதிக்கொண்டது. மற்றொன்று, கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த சண்டை. திருப்பூரில் தண்டவாளத்தில் இறந்து கிடந்த ஒரு பீகார் தொழிலாளியைக் கொன்றுவிட்டார்கள் என்று சக தொழிலாளர்கள் ரயில் நிலையத்தில் திரண்டார்கள்; அவர் தண்டவாளத்தைக் கடக்கும்போது ரயிலில் அடிபட்டதைக் கண்காணிப்பு கேமராப் பதிவு காட்டியது. உடம்பில் கட்டுப் போட்ட இருவர் தமிழ்நாட்டில் அடிபட்டு வந்தவர்களாகத் தோன்றிய ஒரு வீடியோ, மார்ச் 6 அன்று பாட்னாவில் ஒரு வாடகை வீட்டில் வைத்து எடுக்கப்பட்டது என்று பீகார் போலீசின் பொருளாதாரக் குற்றப் பிரிவே கண்டுபிடித்தது. இத்தனைக்கும் நடுவில் ஓர் உண்மையும் இருந்தது. பிப்ரவரியில் ஓடும் ரயிலில், நெரிசலான பெட்டிக்குள் ஒருவர் வடமாநிலத் தொழிலாளர்களைத் திட்டி அடித்தார். அந்த வீடியோ உண்மையானது. ரயில்வே போலீசார் வழக்குப் பதிந்து அவரைக் கைது செய்தார்கள். மற்ற பொய்களுக்கெல்லாம் நம்பகத்தன்மை கொடுக்க அந்த ஓர் உண்மை போதுமானதாக இருந்தது.

கவனிக்க வேண்டியது அடுத்து நடந்ததைத்தான். தமிழகக் காவல்துறை மறுத்தது. ஆனால் குற்றம் சாட்டப்பட்ட மாநிலத்தின் போலீஸ் வேறு எப்படிப் பேசும் என்று அந்த மறுப்பைத் தள்ளிவிடுவது எளிதாக இருந்தது. பீகார் சட்டமன்றத்தில் அரசு தந்த விளக்கத்தை எதிர்க்கட்சி ஏற்கவில்லை. அவையில் அமளி நடந்தது. ஹோலிக்காகப் புறப்பட்டவர்கள், பயந்து புறப்பட்டவர்கள் என்று பிரித்தறிய முடியாமல் ரயில்களில் கூட்டம் நெரிந்தது. அந்தக் கூட்டமே வதந்திக்குப் புதிய ஆதாரமாகிப் படம் பிடிக்கப்பட்டது. பதற்றம் தணிந்த விதம் வேறு. பீகார் அரசு அனுப்பிய நால்வர் குழு சென்னை, திருப்பூர், கோவை என்று போய்த் தம் மாநிலத் தொழிலாளர்களோடு நேரில் பேசியது. மாவட்ட நிர்வாகங்கள் இந்தியில் பேசும் உதவி எண்களைத் திறந்தன. ஆலை உரிமையாளர்களும் அதிகாரிகளும் தொழிலாளர்களைத் தேடிச் சென்றார்கள். தமிழக முதல்வர் நெல்லை மாவட்டத்தில் ஓர் ஆலைக்குப் போய் வடமாநிலத் தொழிலாளர்களைச் சந்தித்தார். ஒரு வீடியோவை இன்னொரு வீடியோ அடக்கவில்லை. கேள்வி கேட்டால் பதில் சொல்லக்கூடிய, நாளைக்குத் தவறென்று தெரிந்தால் பிடித்துக் கேட்கக்கூடிய மனிதர்கள் வந்து நின்ற பிறகுதான் பயம் விலகத் தொடங்கியது.

பொதுவாழ்க்கை இன்று ஏன் இப்படிச் சிதறுகிறது என்ற கேள்விக்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில், மக்கள் பொய்யை நம்பிவிடுகிறார்கள் என்பது. அந்தப் பதில் போதாது. பொய் எல்லாக் காலத்திலும் இருந்தது, நம்பவும் பட்டது. இன்று புதிதாக நேர்ந்திருப்பது, ஒரு சொல்லுக்கும் அதைச் சொன்னதற்குப் பொறுப்பேற்கும் ஆளுக்கும் இடையிலிருந்த முடிச்சு அவிழ்ந்துபோனது. செய்தி பெருகப் பெருக அந்த முடிச்சு தளர்கிறது; தளரத் தளர யாரையும் நம்ப முடியாமல் போகிறது; யாரையும் நம்ப முடியாத சமூகம் தன் சண்டைகளைக்கூட ஒழுங்காகப் போட முடியாத நிலைக்கு வருகிறது.

கடைசிப் பக்கத்தின் அடிவரி

எந்தத் தமிழ் நாளிதழையும் எடுத்துக் கடைசிப் பக்கத்தின் அடியைப் பாருங்கள். மிகச் சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கும்: அச்சிட்டவர் பெயர், வெளியிடுபவர் பெயர், ஆசிரியர் பெயர், அச்சகத்தின் முகவரி. யாரும் படிக்காத அந்த வரியை 1867-ஆம் ஆண்டின் அச்சகப் பதிவுச் சட்டம் கட்டாயமாக்கியது. அண்மையில் அதன் இடத்துக்கு வந்த 2023-ஆம் ஆண்டுச் சட்டமும் பத்திரிகைகளைப் பதிவின் கீழேயே வைத்திருக்கிறது. வெள்ளைக்கார அரசு அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது பத்திரிகைகளைக் கண்காணிக்கத்தான். ஆனாலும் அதில் ஒரு நல்ல விளைவும் இருந்தது. அச்சில் வந்த ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு முகவரி கிடைத்தது. அவதூறு என்றால் நோட்டீஸ் அனுப்பலாம், தவறு என்றால் வாசலில் போய் நிற்கலாம், மறுப்பு எழுதிக் கொடுக்கலாம். பத்திரிகைகள் அதனால் யோக்கியமாகிவிடவில்லை. பொய் எழுதுவதற்கு ஒரு விலை இருந்தது, அவ்வளவுதான். வாட்ஸ்அப்பில் வரும் பார்வர்டுக்கு அந்த அடிவரி கிடையாது. அதை அனுப்பியவர் அத்தை மகனாக இருக்கலாம். எழுதியவர் யார் என்று அவருக்கும் தெரியாது. கேட்டால், எனக்கு வந்தது, அனுப்பினேன் என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அந்தச் செய்திக்குப் பொறுப்பாளி என்று ஒருவரும் இல்லை என்பதே அதன் அமைப்பு.

இதோடு அளவும் சேர்ந்துகொள்கிறது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு இந்தியாவில் இணையத்தின் விலை விழுந்தது. ஒரு ஜிபிக்கு நூற்றுக்கணக்கில் கொடுத்தது போய்ப் பத்து ரூபாய் அளவுக்கு வந்தது. இன்று ஒரு பயனாளர் மாதம் சராசரியாக 20 ஜிபிக்கு மேல் செலவழிக்கிறார். நாட்டில் அனுமதி பெற்ற தனியார் செயற்கைக்கோள் சேனல்கள் ஏறத்தாழ 900; அவற்றில் 400-க்கு நெருக்கமானவை செய்திச் சேனல்கள். இவை எல்லாம் மக்களுக்குக் கிடைத்த வரங்கள்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் பார்ப்பதற்கான பொருள் நூறு மடங்கு பெருகலாம், பார்ப்பவருக்கு உள்ள நாள் 24 மணி நேரம்தான். தகவல் பெருகும்போது கவனம் வறண்டுபோகும் என்று பொருளாதார அறிஞர் ஹெர்பர்ட் சைமன் 1971-லேயே எச்சரித்தார். ஒரு நாளைக்கு நான்கு செய்திகளைப் படிப்பவர் அவற்றில் ஒன்றைப் பற்றியாவது யோசிப்பார், விசாரிப்பார். நானூறு வந்து விழுந்தால் விசாரிப்பது முடியாத காரியம். அப்போது மனிதர்கள் எல்லோரும் செய்வதையே அவரும் செய்வார். கோபம் மூட்டியது எதுவோ, பயமுறுத்தியது எதுவோ, ஏற்கெனவே தான் நினைத்ததை ஒத்திருப்பது எதுவோ, அதை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவார்.

இந்தத் தேர்வு முறை பொய்க்குச் சாதகமானது. அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள் 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய சுமார் 1,26,000 செய்திக் கதைகளை ஆராய்ந்து 2018-இல் சயன்ஸ் இதழில் முடிவை வெளியிட்டார்கள். உண்மைச் செய்தியைவிடப் பொய்ச் செய்தி மறுபகிர்வு ஆவதற்கான வாய்ப்பு 70 சதவீதம் அதிகம். 1,500 பேரைச் சென்றடைய உண்மைக்குப் பொய்யைவிட ஆறு மடங்கு நேரம் பிடித்தது. இயந்திரக் கணக்குகளை நீக்கிப் பார்த்தாலும் முடிவு மாறவில்லை, பரப்பியவர்கள் மனிதர்களே. பொய்ச் செய்தி புதுமையாக இருக்கிறது, அதிர்ச்சியும் அருவருப்பும் தருகிறது, அதனால் கைமாறுகிறது. பாட்னா வாடகை வீட்டில் கட்டுப் போட்டுப் படம் பிடித்தவர்களுக்கு இந்த ஆய்வு தெரிந்திருக்க வேண்டியதில்லை. எது ஓடும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சோர்வு இதன் மறுபக்கம். ராய்ட்டர்ஸ் இன்ஸ்டிடியூட் ஆண்டுதோறும் எடுக்கும் ஆய்வின்படி, 2024-இல் 47 நாடுகளிலும் பகுதிகளிலும் 39 சதவீதம் பேர் செய்திகளை அடிக்கடியோ சில சமயமோ வேண்டுமென்றே தவிர்ப்பதாகச் சொன்னார்கள். 2017-இல் அது 29 சதவீதமாக இருந்தது. செய்தியின் அளவே களைப்பூட்டுகிறது என்று சொன்னவர்களும் அதே 39 சதவீதம்; ஐந்து ஆண்டுகளுக்கு முன் 28 சதவீதம். பெரும்பாலான செய்திகளைப் பெரும்பாலும் நம்பலாம் என்றவர்கள் பத்தில் நான்கு பேர் மட்டுமே. அதாவது ஒரு பகுதியினர் வெள்ளத்தில் மூழ்கிக் கிடக்கிறார்கள், இன்னொரு பகுதியினர் கரையேறிப் போய்விட்டார்கள். நிதானமாகப் படித்து யோசித்துப் பேசக்கூடியவர்கள்தான் முதலில் கரையேறுகிறார்கள் என்றால், களத்தில் எஞ்சுவது உரத்த குரல்கள் மட்டுமே.

அவநம்பிக்கையின் மறைவான முகம்

எதையும் நம்பாதவர்கள் ஏமாற மாட்டார்கள் என்று நினைக்கத் தோன்றும். நடப்பது நேர்மாறு. எல்லாச் சேனலும் விலைபோய்விட்டது என்று சொல்பவர், அடுத்த நிமிடமே தன் சாதிக்காரர் குழுவில் வந்த ஒலிப்பதிவை ஒரு கேள்வியும் கேட்காமல் பத்துப் பேருக்கு அனுப்புகிறார். மனிதர்கள் நம்பிக்கை இல்லாமல் வாழ முடியாது. மருந்து வாங்குவதிலிருந்து வாக்குப் போடுவது வரை யாரோ ஒருவர் சொல்வதை நம்பித்தான் ஆகவேண்டும். பொது நிறுவனங்களிலிருந்து திரும்பப் பெற்ற நம்பிக்கை காற்றில் கரைந்துவிடுவதில்லை. அது உறவு, சாதி, மதம், கட்சி, அபிமான நடிகர் என்று நெருங்கிய வட்டங்களுக்குள் போய்ச் சேர்கிறது. அங்கே கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு, துரோகம். எனவே அவநம்பிக்கை பெருகும் சமூகத்தில் குருட்டு நம்பிக்கையும் கூடவே பெருகுகிறது.

இதன் விலை என்ன என்பதை 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூர் காட்டியது. சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்குப் போன ஒரு குடும்பம் வழி கேட்க வண்டியை நிறுத்தியது. அங்கிருந்த குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார்கள். பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று ஊர் திரண்டு அடித்ததில் 65 வயதுப் பெண் ஒருவர் இறந்தார். உடன் வந்தவர்கள் படுகாயம் அடைந்தார்கள். வடமாநிலத்திலிருந்து நூற்றுக்கணக்கான கடத்தல்காரர்கள் இறங்கியிருக்கிறார்கள் என்ற செய்தி அதற்குச் சில வாரங்களாகவே வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த நாட்களில் இந்தியா முழுவதும் பரவிய கடத்தல் வீடியோ ஒன்று, பாகிஸ்தானின் கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படத்தின் ஒரு துண்டு; குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விடும் கடைசிக் காட்சியை வெட்டி எறிந்துவிட்டிருந்தார்கள். குழந்தை பெற்றவர்களின் நியாயமான பயம்தான் அங்கே ஆயுதமாக்கப்பட்டது. போலீசுக்குச் சொல்லலாம் என்று நினைக்காமல் கையை ஓங்கிய கூட்டத்தை உருவாக்கியதில் பொய்க்கு எவ்வளவு பங்கோ, எந்த அமைப்பும் நம்மைக் காக்காது என்ற எண்ணத்துக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

தமிழ்நாட்டில் இந்த அவநம்பிக்கைக்கு உள்ளூர்க் காரணமும் இருக்கிறது. இங்கே தனியார் தொலைக்காட்சி வளர்ந்ததே கட்சிகளின் நிழலில். ஆளுங்கட்சிக்கு ஒன்று, எதிர்க்கட்சிக்கு ஒன்று, பிறகு சிறிய கட்சிகளுக்கும் ஆளுக்கொன்று என்று சேனல்கள் வந்தன. ஒரே நாள் மாநாட்டுக்கு ஒரு சேனலில் கடல்போல் கூட்டம், இன்னொரு சேனலில் காலி நாற்காலிகள். இதைப் பல ஆண்டுகள் பார்த்துப் பழகிய மக்களுக்கு, யாருடைய சேனல் என்று முதலில் கேட்பது இயல்பாகிவிட்டது. அது புத்திசாலித்தனமான கேள்வி. ஆனால் அந்தக் கேள்வியோடு விசாரணை முடிந்துவிடுவதுதான் ஆபத்து. சொன்னவர் எதிரணி என்றால் சொன்னது பொய், நம்மணி என்றால் மெய் என்று தீர்ப்பெழுதிய பிறகு ஆதாரத்துக்கு வேலையே இல்லை. 2023 ஏப்ரலில் ஒரு தமிழக அமைச்சர் பேசியதாக ஓர் ஒலிப்பதிவு வெளியானது. அது ஜோடிக்கப்பட்டது என்றார் அவர்; உண்மையானது என்றது எதிர்த்தரப்பு. அதில் இருந்தது உண்மையா பொய்யா என்பது இருக்கட்டும். எல்லோரும் ஒப்புக்கொள்ளும்படி அதைச் சோதித்துச் சொல்ல ஒரு பொது அமைப்பு இல்லாததால், அவரவர் கட்சி எதுவோ அதுவே அவரவர் தீர்ப்பாக நின்றது. செயற்கை நுண்ணறிவால் எவர் குரலையும் உருவாக்கலாம் என்றான பிறகு, பொய்யாக ஒன்றைத் தயாரிப்பது மட்டுமல்ல, உண்மையாக மாட்டிக்கொண்டவர் அதைப் பொய் என்று சொல்லித் தப்பிப்பதும் எளிது. எல்லாவற்றையும் சந்தேகிக்கும் ஊரில் அதிகம் லாபம் அடைபவர், மறைக்க ஏதாவது வைத்திருப்பவரே. ஓயாமல் பொய் கேட்கும் மக்கள் கடைசியில் எதையுமே நம்பாமல் போவார்கள், அப்படிப்பட்ட மக்களை வைத்து எதையும் செய்யலாம் என்று சர்வாதிகார ஆட்சிகளை ஆராய்ந்த ஹன்னா ஆரெண்ட் 1970-களில் சொன்னது இதைத்தான்.

பொதுவாழ்க்கை என்றால் எல்லோரும் ஒத்துப்போவது என்று பொருளல்ல. அணையைத் திறப்பதா வேண்டாமா, ஆலை வரலாமா கூடாதா, இடஒதுக்கீடு எவ்வளவு என்று மோதிக்கொள்வதுதான் ஜனநாயகம். ஆனால் அணையில் எத்தனை அடி தண்ணீர் இருக்கிறது என்பதில் இருதரப்பும் உடன்பட்டால்தான் திறப்பதைப் பற்றிச் சண்டை போட முடியும். அந்த அடிக்கணக்கே இரண்டாகப் பிரிந்துவிட்டால் எஞ்சுவது வசை மட்டும்தான். இன்றைய தொலைக்காட்சி விவாதங்களில் ஒருவர் சொன்ன புள்ளிவிவரத்துக்கு மற்றவர் பதில் சொல்லாமல், உங்கள் ஆட்சியில் என்ன நடந்தது என்று தாவுவது தனிநபர்களின் குணக்கேடு மட்டுமல்ல. பொதுவான ஆதாரம் என்று ஒன்று இல்லாத இடத்தில் வேறு எந்த ஆயுதமும் கைவசம் இருக்காது.

சந்தேகம் நல்லதுதானே?

இதற்கு மூன்று மறுப்புகள் வரும். மூன்றும் பதில் சொல்லத் தகுந்தவை. முதலாவது, பழைய காலம் பொற்காலமா என்பது. இல்லை. சில குடும்பங்களும் சில சாதிகளும் எது செய்தி என்று முடிவு செய்த காலம் அது. 1975 நெருக்கடி நிலையில் தணிக்கை வந்தபோது பத்திரிகைகளில் பெரும்பாலானவை பணிந்துபோனதும் வரலாறு. செல்பேசி இல்லாவிட்டால் வெளியே வந்திருக்காத அநியாயங்கள் பல. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்சும் போலீஸ் காவலுக்குப் பின் இறந்தது நாடு முழுவதும் பேசப்பட்டதற்கு, ஆங்கிலத்தில் ஒரு வானொலித் தொகுப்பாளர் பேசி வெளியிட்ட வீடியோ பெரிய காரணம். இதை மனமார ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அதே வழக்கில் அடுத்து நடந்ததையும் பார்க்க வேண்டும். அந்த வீடியோவில் மிகைப்படுத்தல் இருப்பதாகப் போலீஸ் தரப்பு சொன்னது, அது நீக்கவும் பட்டது. வழக்கை நிலைநிறுத்தியது வேறொன்று. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அதன் உத்தரவில் கோவில்பட்டி மாஜிஸ்திரேட் காவல் நிலையத்துக்கே போனார். அன்றிரவு பணியிலிருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர், விடிய விடிய அடித்ததையும் லத்தியிலும் மேசையிலும் இருந்த ரத்தக் கறையையும் தன் பெயரில், தன் கையெழுத்தில் வாக்குமூலமாகக் கொடுத்தார். கையெழுத்துப் போடும்போது அவர் அஞ்சினார். அவருக்குப் பாதுகாப்புக் கொடுக்கச் சொன்னது நீதிமன்றம். சமூக ஊடகம் ஊரை எழுப்பியது. உண்மையை நிறுத்தி வைத்தது, பொறுப்பேற்றுப் பேசிய ஒரு மனுஷியும் அவர் சொன்னதைப் பதிவு செய்ய ஓர் அமைப்பும். இரண்டும் தேவை. முதலாவது இப்போது தேவைக்கு மேல் இருக்கிறது, இரண்டாவதுதான் வற்றிக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது மறுப்பு, பகுத்தறிவு மரபு வேரூன்றிய தமிழ் மண்ணில் சந்தேகத்தைக் குறை சொல்லலாமா என்பது. சந்தேகமும் அவநம்பிக்கையும் ஒன்றல்ல. சந்தேகப்படுபவர் ஆதாரம் கேட்பார்; கிடைத்தால் மனம் மாறுவார். அவநம்பிக்கை கொண்டவர் ஆதாரத்தைக் கொடுத்தால் அதைக் கொடுத்தவரைச் சந்தேகிப்பார். ஆராயாமல் நம்புவதையும், ஆராய்ந்து தெளிந்த பின் சந்தேகப்படுவதையும் ஒரே தராசில் வைத்து, இரண்டுமே தீராத துன்பம் என்றார் வள்ளுவர். 2021 ஏப்ரலில் நடிகர் விவேக் தடுப்பூசி போட்டுக்கொண்ட இரண்டாம் நாள் மாரடைப்பால் இறந்தபோது மக்கள் பயந்தது இயல்பு. ஊசிக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்பது கேட்க வேண்டிய கேள்வி. மருத்துவர்கள் உடனே மறுத்தார்கள். ஆனால் தேசிய அளவிலான நிபுணர் குழு ஆராய்ந்து, இறப்புக்குத் தடுப்பூசி காரணமல்ல என்று சொன்னது வெளியானபோது அக்டோபர் வந்துவிட்டது. கேள்விக்கும் பதிலுக்கும் இடையே ஆறு மாதங்கள். கொரோனா இரண்டாம் அலை தமிழ்நாட்டை உலுக்கியது அந்த ஆறு மாதத்துக்குள்தான். சந்தேகத்துக்கு உரிய நேரத்தில், முழு விவரத்தோடு பதில் சொல்லாத அமைப்பே அதை அவநம்பிக்கையாக முற்ற விடுகிறது. பழி மக்கள் மீது மட்டும் இல்லை.

மூன்றாவது, அரசே ஓர் அமைப்பை வைத்து எது பொய் என்று சொல்லிவிட்டால் என்ன என்ற யோசனை. ஒன்றிய அரசு 2023 ஏப்ரலில் தகவல் தொழில்நுட்ப விதிகளைத் திருத்தி, தன்னைப் பற்றிய செய்திகளில் எது பொய் என்று முத்திரை குத்தும் அதிகாரத்தைத் தானே அமைக்கும் பிரிவுக்குக் கொடுத்தது. இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பு எழுதி, மூன்றாவது நீதிபதியிடம் போய், 2024 செப்டம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. தமிழ்நாடு அரசும் 2023-இல் ஓர் உண்மை சரிபார்ப்புக் குழுவை அமைத்தது. அரசு தன் தரப்பு விவரத்தை விரைவாகச் சொல்வது கடமை, அதில் தவறில்லை. ஆனால் வழக்கில் ஒரு தரப்பாக இருப்பவரே நீதிபதியாகவும் உட்கார்ந்தால் அந்தத் தீர்ப்பு சரியாக இருந்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். 2023 மார்ச்சில் தமிழகப் போலீஸ் சொன்ன உண்மை பீகாரில் எடுபடாமல், பீகாரிலிருந்து வந்த குழு பார்த்துப் போனது உதவியதே அதற்குச் சான்று.

முடிச்சை மறுபடி போடுவது

அப்படியானால் என்ன செய்வது? ஒவ்வொருவரும் வரும் செய்தியை எல்லாம் தானே சரிபார்க்க வேண்டும் என்று உபதேசம் செய்வது எளிது. காலை ஆறு மணிக்கு வேலைக்குப் புறப்பட்டு இரவு திரும்பும் தொழிலாளிக்கு அதற்கு நேரமில்லை. நம்பிக்கைக்குத் தகுதியான சில இடங்கள் இருந்தால், அவர் தலையில் அந்தச் சுமை விழாது. எனவே சொல்லையும் பொறுப்பையும் மறுபடி முடிச்சுப் போடும் வேலை, செய்தி ஓட்டத்தால் அதிகம் சம்பாதிப்பவர்களிடமிருந்து தொடங்க வேண்டும். 2018-இல் கொலைகள் தொடர்ந்த பிறகு வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாமல் செய்தது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஓரிடத்துக்கே அனுப்பலாம் என்று இறுக்கியது. அப்படிப்பட்ட செய்திகளின் ஓட்டம் 70 சதவீதம் குறைந்ததாக அந்த நிறுவனமே அறிவித்தது. யாருடைய பேச்சையும் தடை செய்யாமல், வேகத்தை மட்டும் குறைத்ததால் கிடைத்த பலன் இது. முடியும் என்றால், உயிர்கள் போன பிறகுதான் செய்ய வேண்டுமா என்று கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது.

ஊடகங்களின் பங்கு இன்னும் பெரிது. பிரஸ் கவுன்சில் அச்சு இதழ்களைக் கண்டிக்கலாம், தண்டிக்க முடியாது. செய்திச் சேனல்கள் தாங்களே அமைத்துக்கொண்ட ஒழுங்குமுறை அமைப்பு விதிக்கக்கூடிய அபராதம் ஒரு லட்சம் ரூபாய் என்பது ஒரு பொருட்டா என்று 2023-இல் உச்ச நீதிமன்றமே கேட்டது. சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத காரியங்கள் பல உண்டு. பிழையான செய்தி முதல் பக்கத்தில் வந்திருந்தால் திருத்தமும் முதல் பக்கத்தில் வரட்டும். திரையின் அடியில் நாள் முழுக்க ஓடிய பொய், திருத்தப்பட்ட பின் நாள் முழுக்கத் திருத்தமாக ஓடட்டும். இந்தச் செய்தி எங்கிருந்து கிடைத்தது, நிருபர் இடத்துக்குப் போனாரா, இல்லை சமூக ஊடகத்தில் எடுத்ததா என்று ஒரு வரி சேர்க்கட்டும். சேனலின் உரிமையாளர் எந்தக் கட்சி, என்ன தொழில் என்பது பார்ப்பவருக்குத் தெரியட்டும். இதனால் முந்திக்கொண்டு கொடுக்கும் ஓட்டத்தில் சில நிமிடம் பிந்தலாம். பிந்தி வந்தாலும் சரியாக வரும் என்ற பெயரை வாங்கியவர்கள் நீண்ட காலம் நிலைப்பார்கள்.

மக்களுக்கும் ஒரு பங்கு உண்டு, அதை எளிதாகச் சொல்லித் தட்டிக் கழிக்க முடியாது. பீகாரில் நடந்த இரண்டு ஆய்வுகள் இதில் வழிகாட்டும். 2019 தேர்தல் சமயத்தில் அங்கே பெரியவர்களுக்குப் பொய்ச் செய்தியைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். பெரிதாக எந்த மாற்றமும் இல்லை. சில ஆண்டுகள் கழித்து 583 கிராமங்களில் 13,500-க்கும் மேற்பட்ட மாணவர்களிடையே இன்னோர் ஆய்வு நடந்தது. இம்முறை சில மாதங்களுக்கு நீண்ட தொடர் வகுப்புகள், நடந்த இடம் அரசு ஆதரவில் இயங்கும் ஊர் நூலகங்கள். மாணவர்கள் மெய்யையும் பொய்யையும் பிரித்தறிவது மேம்பட்டது. நான்கு மாதம் கழித்துச் சோதித்தபோதும் அது நீடித்தது, அவர்களின் பெற்றோருக்கும் பரவியிருந்தது. ஒரு மணி நேரப் பயிற்சி செய்ய முடியாததை, ஓரிடத்தில் திரும்பத் திரும்பக் கூடிப் பேசுவது செய்தது. கேரளத்தில் கண்ணூர் மாவட்ட நிர்வாகம் 2018-இல் சுமார் 150 அரசுப் பள்ளிகளில் இப்படிப்பட்ட வகுப்புகளைத் தொடங்கியதும் இந்த எண்ணத்தில்தான்.

தமிழ்நாட்டுக்கு இதில் நல்ல தொடக்கம் கையிலேயே இருக்கிறது. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இருக்கின்றன. ஆண்டுக்கு ஆறு முறை கிராமசபை கூடவேண்டும் என்ற ஏற்பாடு இருக்கிறது. ஒருவர் உரக்கப் படிக்க நாலு பேர் மடக்கிக் கேள்வி கேட்கும் படிப்பகங்களும் டீக்கடை பெஞ்சுகளும் வளர்த்த அரசியல் இது. அவற்றின் வலிமை, படித்தவரை எல்லோருக்கும் தெரியும் என்பது. தப்பாகச் சொன்னால் மறுநாள் அதே பெஞ்சில் பதில் சொல்லியாக வேண்டும். நூலகத்தில் வாரம் ஒருநாள், ஊரில் பேசப்படும் ஒரு செய்தியை எடுத்து அது எங்கிருந்து வந்தது என்று இளைஞர்களோடு தேடிப் பார்க்கலாம். கிராமசபையில் திட்டக் கணக்கை எல்லோர் முன்னிலையிலும் வாசித்தால் பஞ்சாயத்தைப் பற்றிய பாதி வதந்திக்கு வேலை இருக்காது. திருப்பூர் போன்ற ஊர்களில் இந்தி தெரிந்த அதிகாரிகளும் தொழிலாளர் பிரதிநிதிகளும் கலவரம் வரும் நாளில் மட்டும் சந்திக்காமல் மாதந்தோறும் சந்தித்தால், அடுத்த பொய் வீடியோ வரும்போது யாரிடம் கேட்பது என்பது தொழிலாளிக்கு முன்பே தெரிந்திருக்கும். குடும்பக் குழுவில் பொய் வந்தால் அனுப்பியவரைப் பலர் முன் அவமானப்படுத்தாமல், மாமா, இது எங்கே வந்தது என்று தனியாக விசாரிப்பது வீட்டுக்குள் செய்யக்கூடிய அரசியல் பணி.

இவை எல்லாம் சிறிய காரியங்களாகத் தோன்றலாம், கோடிக்கணக்கான செல்பேசிகளுக்கு எதிரே. ஆனால் நம்பிக்கையை மொத்தமாகத் தயாரித்து விநியோகிக்க எந்த அரசாலும் எந்த நிறுவனத்தாலும் முடியாது. சொன்னவரைக் கேட்க முடிகிற இடத்தில், சொன்னது தவறானால் அவர் திருத்திக்கொள்கிற இடத்தில் மட்டுமே அது முளைக்கும். அப்படிப்பட்ட இடங்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதே இன்றைய பொதுவாழ்க்கையின் முதல் வேலை. அதைச் செய்யாமல் தேர்தலையும் சட்டத்தையும் நலத்திட்டத்தையும் பற்றி எவ்வளவு பேசினாலும், பேசுகிறவர் சொல்வது கேட்கிறவரிடம் போய்ச் சேராது. செய்தியைப் பெறுவது நம் உரிமை என்று போராடி வாங்கினோம். அதைக் கைமாற்றும்போது நம் பெயரையும் சேர்த்துக் கொடுப்பது நம் கடமை என்பதை இனியாவது பழகியாக வேண்டும்.